மடங்கும் விரல்

வெங்காயம் நறுக்கும்போது என் மோதிர விரல் ஒழுங்காக இருக்கிறது. பொத்தான் போடும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, பேருந்தில் கம்பியைப் பிடிக்கும்போது எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கிட்டாரை மடியில் வைத்து வலது கையைத் தந்திக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மட்டும் மெதுவாக உள்ளங்கைக்குள் மடங்கிப் படுத்துக்கொள்கிறது. நான் மடக்குவதில்லை. அதுவாகவே போகிறது. வலியும் கிடையாது. வலி இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

முதல் தடவை நடந்தபோது எனக்கு ஐம்பத்தாறு வயது முடிந்து இரண்டு மாதம். காலை பத்தரை மணி இருக்கும். ட்ரெமலோ வாசித்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் தடித்த தந்தியில் ஒரு சுரம் தட்டும்; மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் மெல்லிய தந்தி ஒன்றை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகச் சுண்டும். சரியாக வாசித்தால் கேட்பவருக்கு விரல்கள் தெரியாது, அறுபடாத ஒரே இழையாகக் கேட்கும். முப்பது வருடமாகப் பல் தேய்ப்பதுபோல தினமும் செய்கிற வேலை. அன்றைக்கு அந்த இழையில் ஓட்டை விழுந்தது. குனிந்து பார்த்தேன். மோதிர விரல் வேலைக்கு வரவில்லை.

களைப்பு என்று நினைத்தேன். கையை வெந்நீரில் வைத்து, துடைத்து, திரும்ப உட்கார்ந்தேன். திரும்பவும் ஓட்டை. ஆனாலும் எனக்கு ஒரு மருந்து தெரியும். என்னிடம் படிக்க வருகிறவர்கள் எல்லாருமே வளர்ந்தவர்கள். வேலை, குடும்பம், முட்டிவலி எல்லாம் உள்ளவர்கள். அவர்களில் யார் எங்கே தடுக்கி விழுந்தாலும் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். மெதுவாக நூறு தடவை வாசியுங்கள், தானாக வரும். எனக்கு அவர்கள் வைத்த பெயரே 'நூறு தடவை'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, என் மருந்தை நானே குடித்தேன். தாளம் தட்டும் மெட்ரோனோமைக் குறைந்த வேகத்தில் வைத்து நூறு தடவை. மறுநாள் இருநூறு. என் கணவர் அந்த மெட்ரோனோமுக்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்திருக்கிறார். அவர் பேருந்துப் பணிமனையில் என்ஜின் மெக்கானிக். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே அதில் எந்தப் பகுதி தகராறு செய்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் நான் வாசிக்கிற எந்த இரண்டு பாட்டுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. அப்படிப்பட்ட காது உள்ள கணவர் எனக்கு வாய்த்ததற்கு அப்போதுதான் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் ஓட்டையும் உடைசலுமாக வாசித்தேன். நன்றாக இருக்கிறது என்றார்.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டார். சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம். வேறு காரணமில்லை.

இந்த மனுஷர் கல்யாணமான நாளிலிருந்து பாத்திரம் கழுவுகிறார். என் வலது கை நகம் உடையக்கூடாது என்பதற்காக. கிட்டார்க்காரிக்கு வலது கை நகம்தான் சொத்து. இடது கையில் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், வலது கையில் அளவாக வளர்த்து வழவழப்பாகத் தேய்த்து வைத்திருக்க வேண்டும். ஒரு கை நல்ல பெண்ணுக்கு, ஒரு கை பேய்க்கு என்று அவர் கிண்டல் செய்வார். கிண்டல் செய்துகொண்டே கரண்டியைத் தேய்ப்பார். அப்படிப்பட்டவரிடம் போய், இத்தனை வருடம் நீங்கள் காப்பாற்றிய விரல் இப்போது எனக்கு அடங்குவதில்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டு மணி நேரம் நான்கானது. நான்கு ஆறானது. அவர் காலையில் பணிமனைக்குக் கிளம்பியதும் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுவேன். விரலை நிமிர்த்தித் தலைமுடி ரப்பர் பேண்டால் பின்பக்கமாக இழுத்துக் கட்டிப் பார்த்தேன். பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தேன். கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் மேஜை விளிம்பில் ஓங்கி ஒரு அடியும் கொடுத்தேன். ஒரே ஒரு வரி, எட்டே எட்டுத் தாளக்கட்டு, அதைத் திரும்பத் திரும்ப. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் என் கணவரை நிறுத்தி, "அக்காவுக்கு உடம்பு எதுவும் சரியில்லையா? நாள் முழுக்க ஒரே இடத்துல சுத்திக்கிட்டே இருக்காங்களே" என்று கேட்டிருக்கிறார். என் கணவர் அதை எனக்கு ஜோக்காகச் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

ஏழாவது வாரம் நடுவிரலும் சேர்ந்துகொண்டது. மோதிர விரல் மடங்கப் போகும்போது அதையும் கையோடு இழுத்தது. அன்றைக்குத்தான் நிஜமாகப் பயந்தேன். அதுவரை இருந்தது கவலை. கிட்டாரைக் கீழே வைக்கக்கூட இல்லை, அப்படியே அணைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னும் எத்தனை விரல் மிச்சம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

இது எனக்குத் தொழில் மட்டும் என்றால் வேறு தொழில் பார்த்துக்கொள்வேன். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாடியில் குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்யும்போது ஒரு கிட்டாரை விட்டுவிட்டுப் போனார். நான்கு தந்திதான் இருந்தது. அம்மா அதை ஒட்டடைக் குச்சிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தாள். நான் எடுத்து ஒரு தந்தியை இழுத்துவிட்டேன். மரம் என் நெஞ்சில் அதிர்ந்தது. இதை நான் செய்தேன் என்று நினைத்தது இன்னும் நினைவிருக்கிறது. இல்லாத இரண்டு தந்திகளை வாயால் பாடி நிரப்பிக்கொண்டு இரண்டு வருடம் வாசித்தேன். மேடைக்கு ஆசைப்பட்டதில்லை, பேருக்கும் ஆசைப்பட்டதில்லை. என் கையிலிருந்து ஒரு சத்தம் பிறக்க வேண்டும், தினமும் பிறக்க வேண்டும், அவ்வளவுதான். மகள் பிறந்தபோது வலியில் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தேனாம். நர்ஸ் ஏதோ வலி தாங்காமல் செய்கிறேன் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை விடும்மா, பாட்டு பாதியில் நிற்கிறது என்று கத்தியிருக்கிறேன்.

வகுப்புகளைச் சமாளித்தேன். மூன்று விரலில் வாசிக்க வேண்டியதை இரண்டு விரலில் வாசித்துக் காட்டினேன். கஷ்டமான இடம் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். பாவம், யாருக்கும் தெரியவில்லை, செவ்வாய்க்கிழமை வருகிற பல் டாக்டரைத் தவிர.

பல் டாக்டருக்கு நாற்பத்தைந்து வயது. அடுத்தவர் வாயைத் திறக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் பேசுகிற தொழில் என்பதால் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கமே கிடையாது. வாசிக்கும்போதும் பேசுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் ஒரு பகுதியை வாசித்துக் காட்டி முடித்தேன். அவர் தந்தியைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எத்தனை மாசமா?" என்று கேட்டார்.

எத்தனை மாசமா என்ன என்றேன். குரல் எனக்கே எரிச்சலாகக் கேட்டது.

"மோதிர விரல். நானும் கையை வெச்சுப் பிழைக்கிறவன்தான் டீச்சர். எங்க கூடப் படிச்ச ஒருத்தருக்கு இதே மாதிரிதான். கருவியைக் கையில எடுத்தா மட்டும் விரல் மடங்கிடும். சோறு சாப்பிடும்போது ஒண்ணும் இருக்காது."

அவருக்கு இப்போது சரியாகிவிட்டதா என்று கேட்டேன். பல் டாக்டர் தன் கிட்டாரின் கழுத்தைத் தேவையில்லாமல் துடைத்தார். அவர் இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறார், சிகிச்சை செய்வதில்லை என்றார்.

அவர் ஒரு சீட்டில் கை டாக்டர் ஒருவரின் பெயரும் முகவரியும் எழுதி, மெட்ரோனோமுக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். அதை நான் ஒன்பது நாள் தொடவில்லை. அந்த ஒன்பது நாளும் ஏழு மணி நேரம் வாசித்தேன். என்னை மாதிரி ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். கால் சுளுக்கினால் மனிதர்கள் உட்காருவார்கள். நாங்கள் அந்தக் காலாலேயே ஓடிச் சரிசெய்யப் பார்ப்போம். இத்தனை காலம் எங்களுக்கு எல்லாமே அப்படி ஓடி ஓடித்தானே வந்தது.

பத்தாவது நாள் என் கணவர் சீட்டை எடுத்துப் படித்துவிட்டார். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது நகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கிட்டாரைத் தானே தூக்கிக்கொண்டு என்னோடு வந்தார்.

கை டாக்டர் ஒல்லியான அம்மா. அறையில் ஒரு மேஜை, எடை பார்க்கும் கருவி, விரல்களுக்கெல்லாம் எண் போட்ட ஒரு பிளாஸ்டிக் கை. வாசிக்கச் சொன்னார். விரல் மடங்கியது. பிறகு அவர் ஒரு மெல்லிய ரப்பர் உறையை என் வலது கையில் மாட்டிவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னார். விரல் நிமிர்ந்து நின்றது. வாசித்தது. ஐந்து விநாடி, ஆறு விநாடி. நான் அழுதுவிட்டேன். அதற்குள் அது பழையபடி மடங்கிவிட்டது.

உறை போட்டதும் கைக்குத் தொடுவுணர்ச்சி புதிதாகத் தெரிகிறது, அதனால் மூளை ஒரு நொடி ஏமாந்துபோகிறது, அது மருந்தில்லை என்றார். நரம்பு, தசை, எலும்பு எல்லாம் நன்றாகவே இருக்கிறதாம். கெட்டுப்போனது வேறு இடமாம்.

"உங்க மூளையில ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி அறை இருக்குதுன்னு வெச்சுக்கங்க. அந்த விரல்களை ஒரே மாதிரி, ஒரே வேகத்துல, லட்சக்கணக்கான தடவை ஓட்டியிருக்கீங்க. நடுவுல இருந்த சுவர் தேஞ்சுபோச்சு. இப்ப ஒண்ணைக் கூப்பிட்டா பக்கத்து அறைக்காரரும் எழுந்து வர்றாரு."

"எதனால மேடம் இப்படி?"

"வாசிச்சதனாலதான்."

அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது. குடித்ததனால் ஈரல் போனது, புகைத்ததனால் நுரையீரல் போனது என்று சொன்னால் புரிகிறது. நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்? கணவர் என்னைப் பார்க்காமல், இனி என்ன செய்யலாம் என்று டாக்டரைக் கேட்டார்.

மூன்று மாதம் கிட்டாரைத் தொடவே கூடாது. அதன் பிறகு டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்து, தினம் பத்தே நிமிடம், ஒரு விரல், ஒரு தந்தி என்று முதலிலிருந்து. உறுதி கிடையாது. தன்னிடம் வந்த வாத்தியக்காரர்களில் சொன்னதைக் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு ஓரளவு திரும்பி வந்தது என்றார். கேட்காதவர்களுக்கு என்று என் கணவர் ஆரம்பித்தார். அவர்களில் யாருக்கும் வந்து நான் பார்க்கவில்லை என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, இடையில் விரல் தானாகவே சரியானது மாதிரி ஒருநாள் தோன்றும், அதுதான் ஆபத்தான நாள், அன்றைக்கு வாசித்துத் தொலைத்துவிடாதீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கிட்டார் பெட்டியைப் பூட்டச் சொன்னேன். பூட்டினார். சாவியை எங்கேயாவது ஒளித்துவைக்கச் சொன்னேன்.

"நான் கேட்டாலும் சொல்லாதீங்க. அழுதாலும் சொல்லாதீங்க."

"பணிமனைக்கே கொண்டு போயிடறேனே."

வேண்டாம் என்றேன். தீ கீ பிடித்தால் என்ன செய்வது என்று ஒரு காரணம் சொன்னேன். எங்கள் வீட்டில் எப்போது தீப் பிடித்திருக்கிறது. அந்த நிமிடமே நான் திருட ஆரம்பித்துவிட்டேன் என்பது இப்போது புரிகிறது.

மாணவர்களிடம் பல் டாக்டர் மூலமாகவே சொல்லியாகிவிட்டது. வகுப்பு நடக்கலாம், நான் தொடாமல் வாயால் சொல்லிக்கொடுக்கலாம் என்று கை டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றே பாடம் எடுத்தேன். பல் டாக்டர் முன்னைவிட நன்றாக வாசித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வாசிக்கிற ஒவ்வொரு சுரத்துக்கும் என் முதுகுக்குப் பின்னால் விரல்கள் துடித்தன. ஒருநாள் அவர் போன பிறகு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அறுபது வயதை எட்டப் போகிறவள் செய்கிற காரியமா அது?

பகல்தான் மோசம். பதினொரு மணிக்கு வீட்டில் நானும் அந்தப் பெட்டியும் மட்டும். தூசி தட்டலாம் என்று முதலில் அலமாரியைத் திறந்தேன். பிறகு சமையலறை டப்பாக்களை எல்லாம் கவிழ்த்துத் துடைத்தேன். அரிசி, சர்க்கரை, பட்டாணி. கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். கணவருடைய செருப்பு, சட்டைப் பைகள், கருவிப் பெட்டி. நான் சுத்தம் செய்கிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் வீடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. சாயந்திரம் அவர் வந்து பார்த்துவிட்டு இப்படி ஒரு மனைவி இத்தனை வருடம் எங்கே இருந்தாள் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மறுநாளே சாவியை இடம் மாற்றியிருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது.

இருபத்து மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது. அலமாரிக்கு மேலே, அவர் பயன்படுத்தாத பழைய சவரப் பெட்டிக்குள், பஞ்சில் சுற்றி வைத்திருந்தார். ஸ்டூல் மேல் நின்றபடியே அதைக் கைக்குள் மூடிக்கொண்டேன். கீழே இறங்கினேன். தந்தியைத் தளர்த்தி வைக்காவிட்டால் கிட்டாரின் கழுத்து வளைந்துவிடும், தளர்த்திவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தேன். பொய். தளர்த்திய பிறகுதான் என் கணவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நானேதான் தளர்த்திக் கொடுத்தேன்.

சுருதி சேர்த்தேன். மடியில் வைத்தேன். மரத்தின் வாசனை வந்தது. சும்மா ஒரு தந்தி என்று நினைத்தேன், ஒரே ஒரு தந்தி. கை அதன் பாட்டுக்கு ட்ரெமலோவில் இறங்கிவிட்டது.

விரல் நிமிர்ந்திருந்தது.

முதல் தாளக்கட்டு, இரண்டாவது, மூன்றாவது. ஓட்டை இல்லை. மோதிர விரல் தன் முறை வந்ததும் வந்தது, சுண்டியது, விலகியது. அறுபடாத இழை. மூன்று மாதமாக நான் கேட்காத சத்தம் என் கையிலிருந்து வந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் அந்த மரத்தோடு சேர்ந்து அதிர்ந்தது. நான்கு, ஐந்து. ஒன்பது வயதில் ஒட்டடைக் குச்சிக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு இருந்த சந்தோஷம் அப்படியே திரும்பி வந்தது, மிகைப்படுத்தவில்லை. ஆறு. சரியாகிவிட்டது, டாக்டருக்கு ஒன்றும் தெரியாது, எனக்குச் சரியாகிவிட்டது. இனி இந்த வரி முழுக்க, பிறகு அடுத்த வரி, பிறகு முதலிலிருந்து, சாயந்திரம் அவர் வருவதற்குள் நூறு தடவை.

நூறு தடவை என்று மனசில் வந்ததும், டாக்டர் சொன்ன ஆபத்தான நாள் இதுதான் என்று உறைத்தது.

விரல் மடங்கியபோது பயந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இப்போது விரல் சொன்னபடி கேட்கிறது, நான்தான் கேட்கவில்லை. நிறுத்து என்று எனக்கு நானே சொன்னேன். ஏழாவது தாளக்கட்டு ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக வந்துகொண்டிருக்கும்போது நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் வாசித்தால் நிறுத்தத் தெரியும், தப்பு வந்தால் நிறுத்தத் தெரியும். நன்றாக வரும்போது என் வாழ்க்கையில் ஒருநாளும் நான் நிறுத்தியதில்லை. மகளின் அழுகை, அடுப்பில் தீய்கிற பால், வாசலில் நிற்கிற ஆள், எதற்காகவும் நிறுத்தியதில்லை.

எட்டாவது தாளக்கட்டின் நடுவில் இடது கையால் ஆறு தந்திகளையும் சேர்த்து அமுக்கினேன். சத்தம் செத்தது. வலது கை அதற்குப் பிறகும் இரண்டு சுற்று சுண்டிக்கொண்டே இருந்தது.

கிட்டாரைத் தரையில் வைத்தேன். அதைப் பெட்டிக்குள் வைக்க எனக்குத் தைரியம் இல்லை, தூக்கினால் மடிக்குத்தான் போகும். தொலைபேசியை இடது கையால் எடுத்துப் பணிமனைக்குப் போட்டேன். பின்னால் என்ஜின்கள் இரைந்துகொண்டிருந்தன. அவரை வரவழைக்க நேரமாயிற்று. அதுவரை தரையில் கிடந்ததைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா?" என்றார்.

"சாவி கிடைச்சிருச்சு. விரல் சரியா வாசிக்குது."

என்ஜினை நிறுத்தச் சொல்லி அவர் யாரையோ பார்த்துக் கத்தினார். என் கணவருக்குப் பாட்டு தெரியாதே தவிர, என் குரல் தெரியும்.

"எனக்குப் பயமா இருக்குங்க. உடனே வாங்க" என்றேன்.

கிளம்பிவிட்டேன் என்றார். பணிமனையிலிருந்து வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, முழு உடம்பின் கனத்தையும் அவற்றின் மேல் போட்டு அமுக்கிக்கொண்டேன். அடியில் மோதிர விரல் நிமிர்ந்தே இருந்தது, தன் முறைக்காகக் காத்துக்கொண்டு.